முதல் வண்டி அக்காவின் அலமாரி விளக்கு

விளக்குக் கடையின் தரையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்திருக்கிறார் அக்கா. கண்கள் மூடியிருக்கின்றன. கைப்பை வயிற்றின் மேல். கடைக்காரர் ஒரு கையில் விளக்கும் மறு கையில் ஒயருமாக அவர் கால்மாட்டில் குந்தியிருக்கிறார்.

"இப்ப போடுங்க."

"போட்டுட்டேங்க."

"தெரியுது. வேணாம். அடுத்தது."

"இதுக்கும் கம்மியா வேணும்னா மின்மினிப் பூச்சிதான் புடிச்சிட்டு வரணும்."

"புடிச்சிட்டு வாங்க. வெலை பேசிக்கலாம்" என்கிறார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

மின்விசிறி வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாச்சு, மயக்கமா?" என்று பதறிக் கேட்டார். "இல்லைங்க, வெளக்கு வாங்கறாங்க" என்றார் கடைக்காரர், தலை நிமிராமல். அவருக்குப் பழகிவிட்டது.

எந்த விளக்குக் கடைக்குப் போனாலும் அக்கா இப்படித்தான். ஊரெல்லாம் கண்ணைத் திறந்து பார்த்து விளக்கு வாங்கும். அவர் கண்ணை மூடிப் பார்த்து வாங்குவார். முதல் தடவை கூடப் போயிருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "எழுந்திருங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "பாத்தா பாக்கட்டும். நமக்கு வேண்டியது தூங்கறவங்க கண்ணுக்குத் தெரியாத லைட்டு. தூங்கறவங்க மாதிரி படுத்துப் பாக்காம எப்படி வாங்கறது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா பேருந்து ஓட்டுகிறவர். எங்கள் பகுதிப் பணிமனையிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் முதல் வண்டி பல வருடங்களாக அவருடையது. அதனால் எல்லாருக்கும் அவர் ‘மொத வண்டி’. மொத வண்டி அக்கா, மொத வண்டியம்மா; வயதில் மூத்தவர்களுக்கு வெறும் மொத வண்டி. குள்ளமான உருவம். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து முறுக்கேறிய மணிக்கட்டுகள். நடக்கும்போதும் சாலையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடப்பார். பக்கத்தில் போகிற எனக்கு, என்னை யாரோ ஓட்டிக்கொண்டு போவது போலவே இருக்கும்.

வண்டியில் அவர் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டாம். "படியில நிக்கறவங்க உள்ள வாங்க. படி என்ன மாமியார் வீடா, விட்டு வர மனசு வராம?" என்று முன்னாலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் பின்படியில் தொங்குகிற ஆள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். அதே குரல் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் கால் வைத்ததும் அடங்கிப்போகும். வீட்டில் பட்டப்பகலிலும் அவர் பேசுவது கிசுகிசுப்புதான். பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த புதிதில், இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

எனக்கு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கிறவர்களுக்காக நானும் முதல் வண்டியில் போயாக வேண்டும். இருட்டில் அக்காவோடு பணிமனை வரை நடப்பது அப்படித்தான் வழக்கமாயிற்று. இந்தக் கதையில் பாதி, அந்த நடையில் அவர் சொல்லித் தெரிந்தது. மீதி நானே பார்த்தது.

அக்காவின் கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் ராட்சதக் கிரேன். அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே தெரியும் தரையைப் பார்த்தபடியே வேலை முழுவதையும் செய்வார். அவருக்குப் பிற்பகலில் தொடங்கும் முறை. வீடு திரும்பும்போது தெருவே அடங்கியிருக்கும். மாடிப்படி ஏறுமுன் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். மனைவியின் தூக்கம் கெடக் கூடாது. அவர் படுத்து, அசந்து தூங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்துவிடுவார். கணவரின் தூக்கம் கெடக் கூடாது. "ஒருத்தருக்கொருத்தர் திருடங்க மாதிரி குடித்தனம் பண்றோம்மா. ஒரு சாமானும் திருடு போகல, அதான் ஆச்சரியம்" என்று அக்கா சிரிப்பார்.

சின்ன வீடு. முன்னறையில் அக்காவின் மாமனார் படுத்திருப்பார். அதற்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. படுக்கையறையில் கட்டிலுக்குக் கால்மாட்டுச் சுவரில் பதித்த மர அலமாரி. சீருடை, பெல்ட், பேட்ஜ், மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள்தான். அதன் கதவைத் திறந்து எந்த விளக்கைப் போட்டாலும் வெளிச்சம் நேராகத் தலையணைக்குத்தான் போகும்.

முன்பெல்லாம் அக்காவும் மற்றவர்களைப் போல் விளக்கைப் போட்டுத்தான் உடுத்தியிருக்கிறார். ஒரு விடியலில் பேட்ஜைக் காணவில்லை. அலமாரி விளக்கு போதாமல் அறையின் ட்யூப்லைட்டையும் போட்டுத் தேடினார். கணவர் விழித்துக்கொண்டார். "பரவால்ல, நீ தேடு" என்றார். பேட்ஜ் கிடைத்தது, அக்கா கிளம்பிப் போனார். கணவருக்கு அதன்பின் தூக்கம் வரவில்லை.

அன்று மாலை கிரேன் கூண்டில் அவருக்குக் கண் ஒருமுறை சொக்கியது. கொக்கியில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அதன் மூலையைப் பிடித்து ஒழுங்காக உட்காரவைக்க ஒரு தொழிலாளி கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். பெட்டி கொஞ்சம் வேகமாக இறங்கியது. அந்த ஆள் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தார். அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. தலையிலிருந்து கழன்று விழுந்த ஹெல்மெட் மட்டும் பெட்டிக்கு அடியில் தகடாகிக் கிடந்தது.

"வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாரு" என்றார் அக்கா. "‘எமை கீழ போயி மேல வந்துச்சு. அவ்ளோதான். அதுக்குள்ள அங்க ஒரு உசுரு போயிட்டுத் திரும்பி வந்துச்சு’ன்னாரு. தண்ணி குடுத்தேன், குடிக்காம கீழ வெச்சிட்டாரு. ஆனா காலையில நான் லைட்டப் போட்டேனே, அதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்."

மறுநாளிலிருந்து அக்கா இருட்டில் உடுத்தத் தொடங்கினார். மாதக் கணக்கில் அல்ல, வருடக் கணக்கில்.

இருட்டில் உடுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நான் யோசித்ததே இல்லை. அக்காவின் விரல்கள் பொத்தானைத் தொட்டுச் சட்டையின் முன்புறம் எது என்று சொல்லும். துணியின் முரட்டுத்தனத்தை வைத்துக் கால்சட்டையைக் கண்டுபிடிக்கும். ஆனாலும் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. ஒரு காலில் தன் காலுறை, மறு காலில் கணவருடையது. "யாருக்குத் தெரியப் போவுது? பிரேக்குக்குத் தெரியுமா?" என்பார்.

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. முந்தைய மாலையே எல்லாவற்றையும் எடுத்துச் சமையலறை நாற்காலியில் வைத்துப் பார்த்தார். சமையலறை விளக்கைப் போட்டால் முன்னறையில் மாமனார் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "விடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்பார். "இல்ல மாமா, படுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ரேடியோ அலறத் தொடங்கிவிடும். அவருக்குக் காது மந்தம். ஆனால் கண் மட்டும் காவல்காரக் கண். விளக்குக்குப் பதில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் உடுத்திப் பார்த்திருக்கிறார். தண்ணீர் குடிக்க வந்த மாமனார், மருமகள் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி ஃப்ரிஜ்ஜுக்கு முன்னால் நிற்பதைக் கண்டு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிப் போய்விட்டார். பகலில் மகனைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஒடம்புல ரொம்ப உஷ்ணம் போல, டாக்டர்ட்ட காட்டு" என்றாராம். குளியலறையில் மாட்டிவைத்துப் பார்த்தபோது சட்டை வாளிக்குள் விழுந்தது. அதைப் பிழிந்து போட்டுக்கொண்டு முதல் நடை முழுக்க ஜன்னல் காற்றில் காயவைத்தபடி ஓட்டினார்.

எப்படி எடுத்துவைத்தாலும் ஏதோ ஒன்று அலமாரியிலேயே தங்கிவிடும். அதைத் தேடத் திரும்பவும் இருட்டுக்குள் கையைவிட வேண்டியதுதான்.

அப்படிக் கையைவிட்ட ஒரு காலையில்தான் அது நடந்தது.

நாங்கள் இருவரும் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தோம். அக்கா அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்குப் பனி ஜாஸ்தி இல்ல?" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். வானம் துடைத்துவைத்தது போல் இருந்தது. தெருக்கோடியில் இருக்கும் கடையின் பெயர்ப்பலகைகூட எனக்குத் தெரிந்தது. "பனியா? எங்கக்கா?" என்று கேட்டேன். அக்காவின் நடையின் வேகம் குறைந்தது.

பணிமனையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைக் கிளப்பினார். வாசல் கம்பத்து விளக்கை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கணவருடையது. பக்கத்திலிருப்பதைப் படிப்பதற்கு அவர் போட்டுக்கொள்வது. அதே கறுப்புச் சட்டம், அலமாரியில் அதே தட்டு. அக்காவுக்கு வேண்டியது தூரத்தைக் காட்டும் கண்ணாடி.

வண்டியில் ஏறக்குறைய எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தது. மேற்பார்வையாளர் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா, வண்டிய எடு. ஜனங்க ஏறியாச்சுல்ல?"

"எடுக்க மாட்டேன் சார். கண்ணாடி மாறிப்போச்சு. எனக்குத் தூரம் தெரியல."

"காலியா கெடக்கற ரோடு. தெனம் போற வழி. கண்ண மூடிட்டே ஓட்டிருவ நீ."

"ஓட்டிருவேன் சார். அதான் பயமா இருக்கு."

கீழே இறங்கினார். மாற்று ஓட்டுநர் யாரும் வந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்து வர ஒரு ஆளை அனுப்பினார்கள். உள்ளே சத்தம் கிளம்பியது. பெட்டியோடு வந்த ஒருவர், "என் ரயில் போச்சு!" என்று கத்தினார். ஒரு அம்மாள் என்னென்னவோ சொன்னார். வயிற்று வலி, திடீர்க் காய்ச்சல் என்று அக்கா எதையாவது சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் முன்படியில் ஏறி நின்றார். "தப்பு எம்மேலதான். இருட்டுல கை மாறி வேற கண்ணாடியப் போட்டுட்டு வந்துட்டேன். திட்டறவங்க திட்டிக்கங்க. ஆனா இந்தக் கண்ணோட நான் உங்கள ஏத்திட்டுப் போக மாட்டேன்" என்றார். திட்டினார்கள். கண்ணாடி வந்து சேரும்வரை அங்கேயே நின்று வாங்கிக்கொண்டார். ஒரு தடவைகூடத் தலையைக் குனியவில்லை.

இன்னொரு முறை இப்படி நடந்தால் முதல் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார் மேற்பார்வையாளர். "குடுத்துருங்க சார், ஞாயந்தான்" என்றார் அக்கா.

விஷயம் தெரிந்த கணவர் விடுமுறை நாளில் என் எதிரிலேயே சொன்னார்: "இங்க பாரு, இனிமே லைட்டப் போட்டுக்க. நான் கண்ணுல துணி கட்டிக்கறேன்."

"கட்டிக்கிட்டா இருக்கீங்க? போன தடவ கட்டினது காலையில எந்தலமாட்டுல கெடந்துச்சு."

"நான் முழிச்சா என்ன, திரும்பத் தூங்கிக்கறேன்."

"எங்க தூங்கறீங்க? தூங்கற மாதிரி படுத்திருக்கீங்க. உங்க நெத்தியப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

தூக்கம் கலையும்போது அவருடைய புருவங்களுக்கு நடுவில் ஒரு கோடு விழும். அது விழுந்தால் அன்றைய தூக்கம் அவ்வளவுதான். அக்கா அதைப் பல வருடங்களாகப் படித்து வைத்திருக்கிறார். மறுநாள் நடந்து போகும்போது என்னிடம் சொன்னார்: "அவரு தூக்கத்தக் கெடுத்தேன்னா, அவரு கிரேனுக்குக் கீழ நிக்கறவங்களுக்கு ஆபத்து. நான் இருட்டுல மாட்டிக்கிட்டு வந்தா என் வண்டியில உக்காந்திருக்கவங்களுக்கு ஆபத்து. நடுவுல ஒரே ஒரு அலமாரிக் கதவு. அங்க ஒரு வெளக்கு சரியா அமையணும். அவ்ளோதாம்மா விஷயம்."

அவ்வளவுதான் விஷயம் என்று அவர் சொன்ன தொனி என்னை நிறுத்திவிட்டது. ஏதோ உப்பு வாங்க மறந்ததைச் சொல்வது போல் சொன்னார். முகம் தெரியாத இரண்டு கூட்டம் ஜனங்கள் தன் அலமாரிக் கதவின் இரண்டு பக்கமும் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் தினமும் உடுத்தி வந்திருக்கிறார். நான் அவர் பக்கத்திலேயே நடந்துகொண்டு, பேருந்து தாமதமானால் மட்டும் முணுமுணுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்துதான் விளக்குக் கடைத் தரையில் படுக்கத் தொடங்கினார்.

முதலில் சிவப்பு இரவு விளக்கு. கண்ணை உறுத்தவில்லை, ஆனால் அந்தச் சிவப்பில் அவருடைய கருநீலக் கால்சட்டையும் கணவரின் கறுப்புக் கால்சட்டையும் ஒன்றாகத் தெரிந்தன. கணவருடையதைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டால் சாக்குமூட்டை போல் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அடுத்து, ஒட்டிவைக்கும் வெள்ளை விளக்கு. "ஆஸ்பத்திரி வெளிச்சம்மா அது. செத்தவனும் எழுந்து உக்காந்துருவான்." அதன்பின், அசைவைக் கண்டால் தானாக எரியும் விளக்கு. அது அக்காவுக்காக எரிந்ததைவிடக் கணவர் புரண்டு படுத்தபோதெல்லாம் எரிந்ததுதான் அதிகம். "அவரு திரும்பறாரு, அது எரியுது. அது எரியுதுன்னு அவரு திரும்பறாரு. ரெண்டும் விடிய விடிய வெளையாடிச்சுங்க" என்றார்.

ஒவ்வொரு தோல்வியிலும் அக்கா எதையாவது கற்றுக்கொண்டார். வெள்ளையைவிட இளமஞ்சள் தூக்கத்தைக் குறைவாகத் தொடுகிறது. மேலிருந்து விழும் வெளிச்சம் முகத்துக்குப் போகிறது. முழங்காலுக்குக் கீழே இருந்தால் தரையோடு போகிறது. விளக்கின் முகம் வெளியே பார்க்கக் கூடாது. உள்சுவரைப் பார்க்க வேண்டும். "வெளிச்சம் தெரியணும். வெளக்கு தெரியக் கூடாது" என்பார். கடைக்காரரும் இதில் விழுந்துவிட்டார். கடை திறந்ததும் அக்கா வருகிறாரா என்று எட்டிப்பார்க்கும் நிலைக்கு வந்தார். மெல்லிய நாடா போன்ற மஞ்சள் விளக்கு ஒன்றை வரவழைத்தார். பால் நிற மூடி போட்டார். கதவைத் திறந்தால் எரிந்து, மூடினால் அணையும்படி சத்தமே இல்லாத காந்த சுவிட்ச் வைத்தார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு. அலமாரியின் அடித்தட்டுக்குக் கீழே, முன்விளிம்புக்குப் பின்னால் ஒளித்து ஒட்டினார்கள்.

மறுநாள் நடையில் நான் ஆவலாகக் கேட்டேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார். "கோடு விழுந்துருச்சு."

எங்கே தவறு என்று பல நாள் தெரியவில்லை. ஒரு நாள் பகலில், கணவர் வேலைக்குப் போனபின், ஜன்னலையெல்லாம் போர்வையால் மூடிவிட்டு அக்கா அவருடைய இடத்தில் படுத்துப் பார்த்தார். என்னைக் கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"நிறுத்து! அப்படியே நில்லு!" பேருந்தில் மட்டும் கேட்கும் குரல் அந்த வீட்டில் அன்று கேட்டது. அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. கீழே ஒளிந்திருந்த விளக்கை அது அப்படியே வாங்கித் தலையணைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே நிலைக்கண்ணாடி முன்னறைக்குப் போனது. மாமனாருக்கு ஏக சந்தோஷம்; வருகிறவர் போகிறவரையெல்லாம் படுத்தபடியே அதில் பார்க்கலாம். அலமாரியின் உட்புறம் கறுத்த மரம், வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது என்று அக்கா அதற்குப் பளபளப்பில்லாத இளவெள்ளைச் சாயம் பூசினார். "அலமாரிக்குள்ள எவன் வந்து பாக்கப்போறான்னு வர்ணம் அடிக்கற?" என்று கேட்டார் மாமனார். "நான் பாப்பேன் மாமா" என்றார் அக்கா. உள்ளே வெளுத்ததும் விளக்கின் திருகை இன்னும் பின்னால் திருப்பி வெளிச்சத்தைக் குறைக்க முடிந்தது. கொஞ்ச நாள் காற்றாட விட்டு, வாசம் போனபின் ஒரு விடியலில் கதவைத் திறந்தார். கணவரின் நெற்றியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். கோடு விழவில்லை.

அன்று பணிமனைக்குப் போய்ச் சேர்ந்ததும், "தூங்கிட்டே இருந்தாரும்மா" என்றார். அவ்வளவுதான்.

அவர் கணவரிடம் ஒரு நாள் அந்த விளக்கைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "நல்ல வெளக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பாத்ததில்லம்மா. பகல்ல தெறந்தா எரியறதே தெரியாது. அது நல்லா எரியற நேரத்துல நான் தூங்கிட்டிருப்பேன்." ஒருவருக்காக அத்தனை பாடுபட்டுச் செய்த பொருளை அவர் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டால் அது தோற்றுப்போனதாக ஆகிவிடும். இதை நினைத்தபடி அன்று ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சக ஊழியர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை.

நான் அந்த விளக்கைப் பார்த்தேன். என் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்துப் படுக்கையெல்லாம் நனைந்துபோன வாரம் அது. மாமனார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவருடைய முன்னறைக் கட்டிலை அக்கா எனக்குக் கொடுத்தார்.

ஏதோ ஒரு நேரத்தில் கண் விழித்தது. என்ன சத்தம் கேட்டு விழித்தேன் என்று யோசித்தேன். சத்தமே இல்லை. திரைச்சீலைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் ஒரு நிறம் தெரிந்தது. டம்ளரின் அடியில் மிஞ்சிய தேநீரை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அந்த நிறம். தரையில் கணுக்கால் உயரத்துக்குத் தேங்கி நின்றது. அக்காவின் பாதங்கள் அதற்குள் இருந்தன. இடுப்புக்கு மேலே அவர் இருட்டாகவே இருந்தார்.

ஒவ்வொரு பொருளாக அந்த வெளிச்சத்துக்குள் இறங்கி வந்தது. காலுறை வந்தது, விரித்துப் பார்க்கப்பட்டு மேலே போனது. கால்சட்டை வந்தது; கருநீலம் கருநீலமாகவே தெரிந்தது. பெல்ட்டின் கொக்கியை உள்ளங்கையால் மூடியபடி மாட்டினார், உலோகம் உலோகத்தில் படாமல். கடைசியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை விளக்கருகே கொண்டுபோய், தன்னுடையதுதானா என்று அதன் காதுப்பிடியைப் பார்த்தார். போட்டுக்கொண்டார். பேட்ஜைத் தடவிப் பார்க்காமல் கண்ணால் பார்த்துக் குத்திக்கொண்டார்.

இதற்கு நடுவில், சட்டையின் ஒரு கைக்குள் கை நுழைந்துகொண்டிருந்தபோது கட்டிலில் கணவர் புரண்டார். அக்கா அப்படியே உறைந்தார். ஒரு கை சட்டைக்குள், மறு கை காற்றில். நானும் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கணவரின் கை, அக்கா படுத்திருந்த வெற்றிடத்தில் வந்து விழுந்தது. மூச்சு ஒருமுறை தடுக்கியது. பின் பழையபடி சீராக ஓடத் தொடங்கியது. அதன்பிறகுதான் அக்காவின் கை சட்டைக்குள் மீதித் தூரத்தைக் கடந்தது.

நான் பெரிய பெரிய கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் பெரிய கைகள் செய்யும் பெரிய காரியங்களைத் தினம் பார்க்கிறேன். அந்தத் திரைச்சீலை இடைவெளியில் பார்த்ததைப் போல் எதுவும் என்னைப் படுக்கையில் எழுந்து உட்காரவைத்ததில்லை. அக்கா கதவை மூடினார். அந்த நிறம் தரையிலிருந்து வடிந்து போனது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தவர் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

"ஐயோ, உன்ன எழுப்பிட்டனா?" காற்றைவிட மெல்லிய குரல்.

இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றும் வழக்கம்போல் நடந்தோம். பணிமனையில் வண்டி குளிர்ந்து கிடந்தது. நான் முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். இரவுக் காவல் முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு பெண், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசை ஜன்னலோரம் சரிந்தார். வண்டி கிளம்பும் முன்பே வாய் திறந்து தூங்கிப்போனார். வண்டியின் விளக்குகள் அவர் முகத்தில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

அக்கா இன்ஜினைக் கிளப்பினார். கியரில் கையை வைத்தார். பின் ஏதோ நினைத்துக்கொண்டது போல் கழுத்தைத் திருப்பி, இருக்கைகளின் நீளம் முழுவதையும் பார்த்தார். கை கியரை விட்டு மேலே போனது. தலைக்கு மேலிருந்த சுவிட்ச் வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்று, அழுத்தியது. வண்டியின் பின்பாதி மெல்ல இருட்டுக்குள் போயிற்று.